காரில் போய் ரயிலில் திரும்பியது: 'கெமைன்டெ' என்றொரு ஜெர்மன் சொல்

சிட்னியிலிருந்து மெல்பனுக்குக் கார் நல்லதா, ரயில் நல்லதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஒரே பயணத்தில் இரண்டிலும் போனவன். எழுபதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் மாதம். சிட்னியில் இருந்த ஏழு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து முதன்முறையாகப் பொங்கல் வைக்க நினைத்தோம். மெல்பனில் ஜெர்மன்காரர்கள் தங்களுக்கென நடத்தும் மண்டபத்தைப் பார்த்து, அதுபோல் ஒன்றாகக் கூடுவது எப்படி என்று அறிந்துவர, எங்களில் மூத்தவரான கனகரத்தினமும் பள்ளி வாத்தியாரான நானும் புறப்பட்டோம். கார் அவருடையது.

சிட்னியில் நாங்கள் இருந்த ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ஏறத்தாழ 870 கிலோமீற்றர். கோல்பர்ன் தாண்டியதும் அவர் தொடங்கினார்.

"மணியம் குடும்பம் வரட்டும். ஆனா குசினிக்குள்ளை விடேலாது. அவை சமைச்சதை ஆர் தின்னுறது?"

மணியம் குடும்பமும் எங்கள் ஏழில் ஒன்று. அவர்களின் சாதியைத்தான் சொன்னார். நான் வரைபடத்தை மடித்தேன், மறுபடி விரித்தேன்.

மண்டபத்தை ஹில்டா என்ற அம்மையார் சுற்றிக் காட்டினார். அவர்கள் தங்களைக் குறிக்கும் சொல் 'கெமைன்டெ'. ஊராட்சிக்கும் தேவாலயச் சபைக்கும் அதே சொல்தான். பொதுவானது என்பது அடிப்பொருள். அதற்கும் அடியில், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது என்ற கருத்து இருப்பதாகப் பின்னர் அகராதியில் பார்த்தேன். (நான் மொழியியலாளன் அல்லன், தவறென்றால் திருத்துங்கள்.)

"அதே வேரில் வந்த 'கெமைன்' இன்று கீழ்த்தரம் என்றும் பொருள்படும்," என்றார் ஹில்டா. "எல்லோருக்கும் உரியது சிலருக்கு மட்டமாகத் தெரிந்திருக்கிறது."

சாப்பாடு முடிந்ததும் எங்கள் இருவர் கையிலும் துவாயைத் தந்தார். தட்டு துடைப்பது அன்று விருந்தினர் முறையாம். சபைத் தலைவர் கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைத்தேன். கனகரத்தினம் துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

மறுநாள் திரும்பும்போது அல்பரியில் தேநீருக்கு நிறுத்தினோம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணை, முதல் பானை மணியத்தின்ரை மனிசிதான் வைப்பா."

"உமக்கென்ன விசரே? அப்ப நான் வரமாட்டன்."

"வராதேங்கோ."

"ஓகோ, வாத்தியாருக்கு வாய் வந்திட்டுது! என்ரை காரிலை மட்டும் வரலாமோ?"

"இல்லை அண்ணை. நான் ரயிலிலை போறன்."

பெட்டியை எடுத்துக்கொண்டேன். அல்பரி நிலைய நடைமேடை மிக நீளமானது, முன்கூட்டியே போய்விடுங்கள்.

சிட்னி வந்த அடுத்த நாள், பக்கத்து லிட்கம்மில் மணியம் வீட்டுக்குப் போய், முதல் பானை வைக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் மனைவி பவளம் என்னை உற்றுப் பார்த்தார்.

"மற்றவை வராட்டி?"

"நாங்கள் சாப்பிடுவம்."

அந்தப் பொங்கலுக்கு நான்கு குடும்பங்கள்தான் வந்தோம். பானையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

காரில் போனால் நிறுத்தி நிறுத்தி ஊர் பார்க்கலாம். ரயிலில் முதுகு வலிக்காது. அடுத்தவர் காரில் போகிறவர்கள் மட்டும், திரும்பிவர ரயில் கட்டணத்தைச் சட்டைப்பையில் தனியே வைத்திருங்கள்.