மாதேவியின் முந்தானையில் ஒரு வைரம்

"முத்திரையும் கையெழுத்தும் இல்லாம வந்தா, அந்தக் கடவுளையே வாசல்ல நிறுத்திருவேன்!"

இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவர், மைசூரு அக்ரஹாரத்தில் குடியிருக்கும் ராமாபுரத்துச் சென்னப்பன். டயர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வீட்டில் புளியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே ரசத்துக்கு அனுமதிப்பார்.

போன வருடம் அவர் மனைவி மாதேவிக்கு ஆபரேஷன். அன்று கழற்றிய மூக்குத்தி அவசரத்தில் எங்கோ தொலைந்தது. கூடவே மாதேவியின் தூக்கமும். புது மூக்குத்தி வந்தால் மனம் தேறுவார் என்று சென்னப்பனுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "மூக்கு ஓட்டை தூந்துரும் புள்ள" என்றார்.

தேவராஜ மொஹல்லா நகைக்கடையில் கடைக்காரர் கணேசன் இரண்டு வைரங்களை எடுத்து வைத்தார். இரண்டுக்கும் வைரத்தைத் தரம் பார்க்கும் வேறு வேறு லேப்களின் சான்றிதழ். முதல் கல்லின் நிறம் 'ஹெச்'. இரண்டாவது அதைவிட ஒரு படி மேல், 'ஜி'.

"அப்ப ரெண்டாவதுதானே ஒசத்தி?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். முதல் லேப் மார்க் போடறதுல கஞ்சம். ரெண்டாவது கொஞ்சம் தாராளம்."

சென்னப்பன் இரண்டு லேப்களையும் போனில் துருவித் துருவி ஆராய்ந்து தீர்ப்பு வழங்கினார்: முதல் கல்தான். இரண்டாவதை அந்தக் கஞ்ச லேபுக்கு அனுப்பி மறுபடி மார்க் வாங்கினாலொழியத் தொடமாட்டார்.

மாதேவி குறுக்கே வந்தார். "வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க. முந்தானையில முடிஞ்சு வெச்சு, ராத்திரி தூக்கம் வருதான்னு பாத்துத்தான் எடுக்கோணும்."

"எந்த லேப்புல புள்ள முந்தானை இருக்குது?"

"என்ற லேப்புல!"

கணேசன் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொள்ளாமல் இரண்டு கற்களையும் கொடுத்தனுப்பினார். இந்த முறைகேட்டை வன்மையாகக் கண்டித்தபடியே சென்னப்பன் அவற்றைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

முதல் கல்லை முடிந்துகொண்ட மாதேவி இரவெல்லாம் புரண்டார். காலையில், "ஆகலீங்க" என்றார்.

"ஃபேன் சத்தமா இருக்கும்" என்று சென்னப்பன் மேல்முறையீடு செய்தார். மறுநாள் ஃபேனை நிறுத்தியும் ஆகவில்லை. கல் மாறியது.

அடுத்த நாள் வெயில் ஏறியும் மாதேவி எழவில்லை. சென்னப்பன் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். முந்தானை முடிச்சைக் கைக்குள் பொத்தியபடி, மெல்லிய குறட்டை. ஒரு வருடமாகக் கேட்காத குறட்டை. விசில் அடிக்கப் போன குக்கரை ஓடிப்போய் இறக்கினார்.

போன் அலறியது. கணேசன்.

"சார், ரெண்டாவது கல்ல அந்த லேபுக்கு அனுப்பணும்னீங்களே, ஆள் இப்பக் கிளம்பறாரு. கொண்டு வர்றீங்களா?"

சென்னப்பன் போனைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"வேண்டாம். இதே இருக்கட்டும்."

"அப்ப அந்த மார்க்கு, சார்?"

"மெதுவாப் பேசுங்க. தூங்கறா."