வெளிச்சம் மட்டும் பட்ட தட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். வீடு ஆவடி சேக்காட்டில். கணவருக்கு டிஃபென்ஸ் ஃபாக்டரியில் வேலை. காலையில் மின்சார ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடுவேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கேன்சர் மருந்து டெஸ்ட் பண்றோம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும்.

மூளையில் வரும் புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்ததும், நோயாளி வீட்டார் சம்மதித்தால், மருத்துவமனை எங்களுக்கு ஒரு துணுக்கை அனுப்பும். அதைப் பிரித்து இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவத்தில் வளர்ப்போம். சில நாட்களில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கசகசாவை விடச் சிறிய உருண்டைகளாகத் திரளும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கட்டி. ரத்த நிறமியிலிருந்து தயாரித்த மருந்து ஒன்றை அவற்றுக்குக் கொடுப்போம். இருட்டில் அந்த மருந்து சும்மா கிடக்கும். சிவப்பு வெளிச்சம் பட்டால் செல்லைக் கொல்லும். கொல்கிறதா, எவ்வளவு கொல்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தார். அவர் கணவர் ஃபாக்டரியில் வெல்டர். தலைவலி என்று படுத்தவருக்கு ஒரே மாதத்தில் வலக்கை விழுந்து, பேச்சும் குழறியது. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அறுவை நடந்தது. அடுத்த வாரம் குழாயடியில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாரு. அம்பத்தூர்ல ஆராய்ச்சிக்குன்னாரு. போட்டுக் குடுத்துட்டேன். உன்னாண்டதான் வந்துதா?"

வந்திருந்தது. எண் மட்டும் எழுதிய புட்டிதான், ஆனால் அந்த வாரம் வந்தது அது ஒன்றே.

"ஆமாக்கா."

"இன்னும் உயிரோட கீதா அது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இருக்குக்கா. வளருது."

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த உருண்டைகளில்தான் முதல் சோதனையைச் செய்தேன். வெளிநாட்டு லேசர் வாங்க எங்களுக்கு வழியில்லை. பழைய ஸ்லைடு புரொஜக்டரில் சிவப்புக் கண்ணாடி பொருத்தியிருந்தோம். மருந்தும் வெளிச்சமும் பெற்ற தட்டில் உருண்டைகள் நொறுங்கிப்போயின. என் பேராசிரியர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"பிரமாதம்மா. அடுத்த மாசம் மாநாடு இருக்கு. எழுதிக் கொடு."

"சார், மருந்தே போடாம வெளிச்சம் மட்டும் காட்டின தட்டு ஒண்ணு இருக்கு. அதுலயும் செத்துப்போச்சு."

"அதுல ஏதாவது கிருமி வந்திருக்கும். அந்தத் தட்டை விட்டுடு."

"கிருமி இருந்தா திரவம் கலங்கியிருக்கும் சார். தெளிவா இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தா எதையும் முடிக்க முடியாதும்மா."

"முடிக்கிறேன் சார். ஆனா இப்படி முடிக்க மாட்டேன்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நான்கு வீடு தள்ளி ஒரு மனிதர் வாய் குழறப் படுத்திருக்கும்போது, அவர் தலையிலிருந்து எடுத்ததை வைத்து அரைகுறையாக எழுத என்னால் முடியாது. அதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை. மாத முடிவு வரை நேரம் கேட்டேன். கொடுத்தார்.

மறுநாள் வெறும் திரவம் ஊற்றிய தட்டில் தெர்மாமீட்டரை வைத்து விளக்கைப் போட்டேன். முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டிய திரவம் அரை மணியில் நாற்பத்தைந்தைத் தொட்டது. எங்கள் உருண்டைகளைக் கொன்றது மருந்தல்ல, புரொஜக்டரின் சூடு.

மின்விசிறி வைத்துப் பார்த்தேன், திரவம் வற்றியது. விளக்கைத் தள்ளி வைத்தேன், வெளிச்சம் போதவில்லை. பிறகு, தண்ணீர் வெப்பக் கதிரைப் பிடித்துக்கொண்டு சிவப்பு வெளிச்சத்தை விட்டுவிடும் என்று கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. அம்பத்தூரில் ஒரு மீன்தொட்டிக் கடைக்குப் போய் இருப்பதிலேயே ஒடுக்கமான தொட்டியைக் கேட்டேன்.

"இதுல இன்னா மீன் வுடப் போற? திரும்பக்கூட எடம் இல்லியே" என்றார் கடைக்காரர்.

"மீன் இல்லண்ணே, தண்ணி மட்டும்தான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். விளக்குக்கும் தட்டுக்கும் நடுவே அதை நிறுத்தினேன். தண்ணீர் சூடேற ஏற மாற்றினேன். தட்டு முப்பத்தேழிலேயே நின்றது.

சோதனையைத் திரும்பச் செய்தேன். இந்த முறை வெளிச்சம் மட்டும் பட்ட உருண்டைகள் பிழைத்தன. மருந்தை வாங்கி இருட்டில் இருந்தவையும் பிழைத்தன. இரண்டும் சேர்ந்தவற்றை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவிப் பார்த்தேன். வெளிச்சுற்று செத்திருந்தது, நடுப்பகுதி அப்படியே உயிரோடு இருந்தது. பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார்.

"மாநாட்டுக்கு இது போதாதும்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா இது நிஜம்" என்றார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அக்காவின் கணவர் இறந்துபோனார். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"அத எனக்குக் காட்டுவியா?"

பேராசிரியரிடம் அனுமதி கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அக்காவை அழைத்துப் போய், இன்னும் வளர்த்துவந்த அந்த உருண்டைகளை வைத்து, மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"இத்துனூண்டா? இதா அவர சாச்சுது?"

"ஆமாக்கா."

"நீ வெளிச்சம் போட்டா சாவுதா?"

"ஓரம் சாகுது. நடுவுல மிச்சம் இருக்கு."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் கொல்லு" என்றார்.

மருந்து வேலை செய்ய வெளிச்சத்தோடு ஆக்சிஜனும் வேண்டும். பிரகாசமான வெளிச்சம் உருண்டைக்குள் இருக்கும் ஆக்சிஜனைச் சட்டென்று தீர்த்துவிடுகிறது, அதனால் நடுப்பகுதி தப்பிக்கிறது. அப்படியானால் வெளிச்சத்தைக் குறைத்து, நீண்ட நேரம், இடையிடையே நிறுத்திக் கொடுக்க வேண்டும். மின்சாரம் போகும் நாட்களில் பாதிச் சோதனை வீணாகும், மறுநாள் முதலிலிருந்து தொடங்குவேன். ஒன்பது மாதம் ஆயிற்று. பல உருண்டைகளில் நடுப்பகுதியும் செத்தது. எல்லாவற்றிலும் அல்ல. முதலில் சூட்டில் செத்தவற்றையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். பேராசிரியர் ஒரு வரியையும் அடிக்காமல் கையெழுத்திட்டார்.

நான் அங்கே இருந்தவரை அந்தச் சிகிச்சை எங்கள் ஊர் நோயாளி யாருக்கும் வந்து சேரவில்லை. அக்காவுக்கு ஃபாக்டரியில் வாரிசு வேலை கிடைத்தது. ஞாயிறு காலையில் மாதா கோயில் வாசலில் பார்க்கும்போதெல்லாம், "இந்த வாரம் எப்படி?" என்று கேட்பார். பத்து உருண்டையில் ஆறு முழுதாகச் செத்தது என்றோ, நான்குதான் என்றோ, உள்ளதை உள்ளபடி சொல்வேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு உள்ளே போவார்.