அம்மா மாற்றிச் சொன்னது

நான் என்ன விளையாடுகிறேன் என்பதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதிலேயே பாதி உயிர் போனது. ரொறன்ரோவுக்கு வடக்கே, றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டால் ஒரு அங்கிள் தவறாமல் கேட்பார், “தம்பி, உந்த ஃபுட்போல் எப்பிடிப் போகுது?” ஃபுட்போல் இல்லை, றக்பி என்பேன். “ஓ, கண்டியிலை பள்ளிக்கூடங்களிலை விளையாடுறது” என்பார். அது பதினைந்து பேர் ஆடுவது, நான் ஆடுவது பதின்மூன்று பேரின் றக்பி லீக் என்று தொடங்கினால், அவருக்கு அவசரமாகப் பிரசாதம் வாங்க வேண்டி வந்துவிடும். அம்மாவுக்கு இந்தச் சிரமம் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் நான் ஜிம்மில் வேலை செய்வதாகச் சொல்லி முடித்துவிடுவார்.

ரொறன்ரோவில் அந்த விளையாட்டுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு கிளப் அப்போது இருந்தது. என்னையும் எடுத்தார்கள். நான் முன்வரிசை ஆள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே நிற்கும் தடியன்களுக்குள் நேராக ஓடி விழ வேண்டும். எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் ஓட வேண்டும். அவ்வளவுதான் என் தொழில். அதற்காக, எங்கள் வீடு இருந்த விட்பியிலிருந்து விடியற்காலை ரெயின் பிடித்தேன். காது விறைக்கும் குளிரில் பயிற்சி எடுத்தேன். அதைப் போல வேறொன்றும் எனக்குப் பிடித்ததில்லை, இன்றைக்கும் இல்லை.

முதல் சீசனில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தேன். அடுத்த சீசனில் எனக்கு முன்னால் இருந்தவரின் தோள்மூட்டு விலக, அந்த இடம் எனக்கு வந்தது. நன்றாக ஆடினால் சீசன் முடியும்வரை அது உனக்குத்தான் என்றார் பயிற்சியாளர். எங்கள் சொந்த மைதானத்தில் நான் தொடக்கத்திலிருந்தே இறங்கிய முதல் ஆட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா பெஞ்சுக்குப் பின்னால் முதல் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

இரண்டாம் பாதியில் ஒருவனை மறிக்கக் குனிந்தேன். அவனுடைய முழங்கால் என் காதோரம் பட்டது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

தலையில் அடிபட்டால் அறைக்குக் கூட்டிப் போய் டொக்டர் சில கேள்விகள் கேட்பார். இது எந்த மைதானம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன கிழமை எந்த அணியோடு ஆடினாய். சரியாகச் சொன்னால் திரும்ப இறங்கலாம். நான் மளமளவென்று பதில் சொன்னேனாம், ஆனால் தமிழில். கனவிலும் இங்கிலீஷில் பேசுகிற நான். டொக்டர் நியாயமான மனுஷன். எந்த மொழியாக இருந்தாலும் முதலில் பதில் சரியா என்று பார்ப்போம் என்று அம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார். சின்ன வயதில் ஆஸ்பத்திரிகளில் அம்மாவுக்காக நான்தான் இங்கிலீஷ் பேசினேன். அன்றைக்கு அம்மா எனக்காகப் பேசினார். எல்லாப் பதிலும் பிழை, பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி உளறுகிறான் என்று டொக்டரிடம் சொன்னார்.

என்னை ஓய்வில் விட்டார்கள். என் இடத்தில் இறங்கிய பெடியன் நன்றாக ஆடினான். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. சீசன் முடிந்ததும் கிளப் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அன்றைக்கு அதே அறையில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த இன்னொரு ஆட்டக்காரன் பிறகு ஒருநாள் சொன்னான். உன் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் போன கிழமை ஆடிய அணியின் பெயரும் புள்ளி எடுத்தவனின் பெயரும் தெளிவாகக் கேட்டது, இரண்டும் சரி என்றான். நேரே வீட்டுக்குப் போனேன்.

“நான் சரியாச் சொன்னதை ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?”

“ஓம், மாத்தித்தான் சொன்னனான்” என்றார் அம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணத்தை நானே முடிவு செய்துகொண்டேன். இவருக்கு நான் விளையாடுவது ஒருநாளும் பிடிக்கவில்லை, கிடைத்த சந்தர்ப்பத்தில் என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டார். அந்தக் கிழமையே நகரத்தின் மறுபக்கம் ரெக்ஸ்டேலில், ஒரு வீட்டின் பேஸ்மென்றுக்குத் தனியாக மாறினேன். அம்மா போன் எடுத்தால் ஓம், இல்லை, இரண்டோடு வைத்துவிடுவேன். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி இருந்தேன். பெற்ற தாயை வெறுப்பது சுலபமான வேலை இல்லை, உடம்பெல்லாம் நோகும்.

பிறகு இங்கிலாந்தில் ஒரு கிளப் என்னை அணித் தேர்வுக்குக் கூப்பிட்டது. வீட்டில் இருந்த பாஸ்போர்ட்டை எடுக்க விட்பிக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

“போகாதை” என்றார்.

“அங்கையும் வந்து பொய் சொல்லப் போறியளோ?”

அம்மா கீரையைத் தள்ளி வைத்தார். அழவில்லை. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

“நீ எல்லாம் சரியாத்தான் சொன்னனீ. மைதானம், ஆக்களின்ரை பேர், எல்லாம் சரி. முழுக்கக் கேட்டிட்டு, இதை அப்பிடியே சொல்லிவிடுவம், பிள்ளை ஆசைப்பட்ட விளையாட்டுத்தானே எண்டு வாயைத் திறந்தனான். நீ என்னைப் பாத்துச் சிரிச்சனீ. நல்ல மரியாதையா, ‘தாங்ஸ் அன்ரி’ எண்டனீ.”

அம்மா ஒரு கீரைத் தண்டை எடுத்து, திரும்ப வைத்தார்.

“பிறகு கேட்டனீ, ‘நீங்கள் ஆரின்ரை அம்மா?’ எண்டு.”

இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எப்பிடியடா சொல்லுறது? நீ என்னோடை கோவமா இருந்தாலும் பரவாயில்லை, அம்மா எண்டு தெரிஞ்சுதானே கோவிக்கிறாய் எண்டு இருந்தனான்.”

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே கதிரையில் உட்கார்ந்தேன். “அம்மா” என்றேன். “ஓம்” என்றார். மறுபடியும் கூப்பிட்டேன்.