தேசிக்காய் கட்டிய வயர்

தேசிக்காய் கல்லாகும் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் அவரை ஒரு மாதிரிப் பார்த்திருப்பேன். இந்த ஜனவரியில், கனடாவின் ஸ்காபரோவில், எங்கள் காரின் முன்னால் தொங்கிய தேசிக்காய் பம்பரில் டொக் டொக் என்று தட்டியது. புது வாகனம் வாங்கினால் நான்கு சக்கரத்தின் கீழும் வைத்து நசுக்குவோமே, அதே எலுமிச்சைதான். அதோடு கோத்த செத்தல் மிளகாய்களும் பனியில் விறைத்து நின்றன. நாயோடு நடக்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, “வாசனைக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். நாவூறு, கண்ணூறு என்பதையெல்லாம் அவருக்கு விளக்கப் போனால் வேலைக்குப் பிந்திவிடும்.

காரைப் போன இலையுதிர் காலத்தில் வாங்கினோம். புதிதல்ல, எங்களுக்குத்தான் புதிது. விற்றவர் ஒன்ராறியோவின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். முன் கிரில்லின் இடுக்கால் ஒரு கறுப்பு வயர் வெளியே தொங்கியது, நுனியில் மூன்று கால் பிளக். அது என்னவென்று நானும் கேட்கவில்லை, என் கணவரும் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பார்த்துத் தலையாட்டுவதில் நாங்கள் இருவரும் தேர்ந்தவர்கள். கோயிலில் வாகனப் பூசை முடிந்ததும் ஐயர் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கட்ட இடம் தேடினார். இந்தக் காலத்துக் கார்களின் முகத்தில் ஒரு நூல் கட்டவும் இடமில்லை. “ஐயா, உதிலை கட்டுங்கோ,” என்று இவர் அந்த வயரைக் காட்டினார். “நல்ல வசதியாய்த்தான் விட்டிருக்கிறாங்கள்,” என்று ஐயரும் இறுக்கிக் கட்டிவிட்டார்.

என் கணவருக்கு அந்தத் தேசிக்காய் விளையாட்டு இல்லை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் எங்கள் பழைய கார் பனியில் சுழன்று தடுப்பில் மோதியது. கார் போய்விட்டது. இவர் கீறல்கூட இல்லாமல் வீடு வந்தார். வந்ததும் முதலில் சொன்னது, “அந்தக் காரிலை தேசிக்காய் இல்லையப்பா,” என்பதுதான்.

மற்றபடி குளிருக்குக் காரை ஆயத்தப்படுத்துவதில் நாங்கள் குறை வைக்கவில்லை. நவம்பரிலேயே பனிக்கால ரயர் நான்கும் மாற்றினோம். கண்ணாடி கழுவ உறையாத நீலத் தண்ணீர் நிரப்பினோம். தெருவில் கொட்டும் உப்பு அடிப்பக்கத்தைத் தின்னாமலிருக்க எண்ணெய் அடிப்பித்தோம். டிக்கியில் பனி அள்ளும் சவள், போர்வை, ஒரு பை மணல், இரண்டு பெட்டி பிஸ்கட். பற்றறி இந்த வருஷம் தாங்கும் என்று மெக்கானிக் சொன்னார். ஒரு மனுஷருக்குக்கூட நாங்கள் இவ்வளவு பார்த்ததில்லை.

நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவள். காலை ஏழு மணிக்கு என் முதல் வீடு மார்கரெட்டுடையது. டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளம். எண்பது தாண்டியவர், தனியாள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான் போய்த் தூக்கி இருத்தும்வரை அவருக்குக் கட்டில்தான். மைனஸ் இருபத்திரண்டு என்று வானொலி சொன்ன ஒரு காலையில் சாவியைத் திருப்பினேன். கார் ஒருமுறை முனகியது. அடுத்த முறை அதுவும் இல்லை. வேலைக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டேன், அனுப்ப வேறு ஆள் இருக்கவில்லை. பஸ் மாறிப் போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது. மார்கரெட் நனைந்து கிடந்தார். கண்ணை விழித்துக் கூரையைப் பார்த்தபடி, படுக்கையை நனைத்ததற்கு அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இனி ஒருநாளும் அவரை இப்படிக் கிடக்க விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

துடைக்கும்போது அப்பாவின் நினைவு வந்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கார் ஓடினவர். போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் பெற்றோல் கண்ணில் காட்டவும் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிக் கிடக்கும் இஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதனால் ஒரு சேலைன் போத்தலையும் குழாயையும் பூட்டி, முதலில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் பெற்றோல் விட்டு இஞ்சினைச் சூடாக்கி, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பிள்ளை பெறப் போகும் பெண் பின்சீற்றில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, கார் இருமி, புகை கக்கி, கடைசியில் பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒழுங்கையில் நிற்கிற எல்லோருக்கும் மூச்சு வரும். அங்கே பெற்றோல் இல்லாமலே கார் ஓடியது. இங்கே தாங்கி நிறையப் பெற்றோல், கார் அசையவில்லை. அப்பாவின் மகளுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது.

தேநீர் கொடுத்தபடி கார் கிளம்பாததைச் சொன்னபோது மார்கரெட் கேட்டார். “இரவு காரைப் பிளக்கில் போட்டாயா?”

“அது மின்சாரக் கார் இல்லை, மார்கரெட். பெற்றோல் கார்.”

“அந்த நாளில் என்னுடையதும் பெற்றோல் கார்தான்,” என்றார். அவர் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கார் நிறுத்தும் இடங்களில் மின்சாரம் எடுக்கத் தூண்கள் நிற்குமாம். இரவெல்லாம் இஞ்சினை ஆறவிடாமல் வைக்க அதற்குள் ஒரு சின்னச் சூடாக்கி இருக்குமாம். ரொறன்ரோவில் அதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. “உன் கார் வடக்கிலிருந்து வந்ததென்றால் மூக்கில் ஒரு வயர் தொங்கும், போய்ப் பார்,” என்றார்.

“அதில் நாங்கள் தேசிக்காய் கட்டியிருக்கிறோம்,” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மார்கரெட் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தார்.

வோபர்னில் நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில். மேலே இருக்கும் வீட்டுக்கார அண்ணை பின்னேரம் தன் காரிலிருந்து வயர் பூட்டி எங்கள் காரைக் கிளப்பித் தந்தார். அடுத்த நாள் மைனஸ் இருபத்தாறு என்றார்கள். சுவரில் வெளியே இருந்த ஒரே பிளக்கில் அண்ணையின் கலர் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. “உதைக் கழட்டிப்போட்டுக் கொழுவுங்கோ தங்கச்சி, விளக்கே இப்ப முக்கியம்?” என்றார். என் கணவர்தான் மசியவில்லை.

“ஐயர் கட்டினதை நாங்கள் எப்பிடிக் கழட்டுறது? ஏதும் நடந்தா?”

“அந்த மனிசி இண்டைக்கு மூண்டு மணித்தியாலம் ஈரத்திலை கிடந்தது. அது காணாதே? தேசிக்காயிலை பிழை இல்லையப்பா. கட்டின இடம்தான் பிழை.”

இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். முடிச்சு உறைந்திருந்தது. கத்தியால் வெட்டச் சொன்னேன், கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி, வாயால் ஊதி ஊதி அவிழ்த்தார். அவிழ்த்த தேசிக்காயைக் காரின் முன்சீற்றில் வைத்தார். “உம்மோடை இருக்கட்டும். நீர்தானே கார் ஓடுறீர்.” பிளக்கில் ஒட்டியிருந்த சந்தனத்தை நான் பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். கொழுவியபோது ஒரு வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழியும் கிடையாது. இருவரும் காரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தோம்.

விடியற்காலையில் மூக்கு மயிரெல்லாம் குத்துகிற குளிர். வயரைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, அப்பாவை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. முனகலும் இல்லை, இருமலும் இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன், சந்தோஷத்தில்தான். நிலக்கீழ் யன்னலில் இவருடைய முகம் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் ரயர்கள் மட்டும்தான் தெரியும். அவை உருளத் தொடங்கியதும் திரைச்சீலை விழுந்தது.

தேசிக்காயைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு முன்னரே மார்கரெட்டின் கதவைத் திறந்தேன். படுக்கை நனைந்திருக்கவில்லை. “பிளக்கில் போட்டிருக்கிறாய்,” என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். கோட்டைக் கழற்றும்போது தேசிக்காய் தரையில் விழுந்து உருண்டது. மார்கரெட் அதைக் கேட்டு வாங்கி, நல்ல கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட கண் படாமல் காக்கும் என்றேன்.

“காரைக் கிளப்பியது வயரா, இதுவா?”

“இரண்டும்,” என்றேன். என் கணவர் பக்கத்தில் இல்லாதபோதும் எனக்கு அப்படித்தான் சொல்ல வந்தது.

“உனக்குத்தான் வயர் இருக்கிறதே. இது என்னோடு இருக்கட்டும்,” என்றார் மார்கரெட்.

யன்னல் விளிம்பில், சூடு வரும் இடத்துக்கு மேலே வைத்தேன். நான் அவரைக் கழுவி, தலை வாரி, கதிரையில் இருத்தி முடிப்பதற்குள் தேசிக்காய்க் கல்லிலிருந்து தண்ணீர் சொட்டியது. கஞ்சி கொடுக்கும் நேரம் அறை முழுக்கத் தேசிக்காய் மணம். மார்கரெட் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். நான் கீழே எட்டிப் பார்த்தேன். வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் கார் மூக்கில் வெறும் வயரோடு நின்றது. தேசிக்காய் எங்கே என்று வீட்டில் இவர் கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்குக் காரை இந்த நாட்டு வயர் பார்த்துக்கொள்ளட்டும், மார்கரெட்டை எங்கள் தேசிக்காய் பார்த்துக்கொள்ளும்.