சரிவில் நின்ற வண்டி

கார்களின் கரண்டுக் கோளாறு பார்க்கும் எங்கள் ஊர் ஒயர்காரர், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் வண்டியைப் பார்க்க மாட்டார். ஓட்டி வந்தவரைத்தான் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு? அதுக்கப்புறம் யாரு கை வச்சது? உண்மையச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். மச்சான்தான் இரண்டாவது ஹாரன் மாட்டிக் கொடுத்தான் என்று நாம் ஒப்புக்கொள்ளும்வரை அவருடைய ஸ்குரூ டிரைவர் சட்டைப் பையை விட்டு வெளியே வராது. "ஒயரு பொய் சொல்லாது சார். ஆளுதான் சொல்லும்" என்பார். இதை நானே ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய கார்கள்தான் அவர் பட்டறைக்கு வரும். ஃபியூஸ்களைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. ஒயர் ஒயராகப் பிரித்துக்கொண்டே வாய்க்குள் எதையோ முணுமுணுப்பார். பாட்டா திட்டா என்று யாருக்கும் தெரியாது. வந்து வந்து மறையும் கோளாறுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. "வாசல்ல காத்துக்கிட்டு நின்னா வராது. அசந்து தூங்கினா வந்து நிக்கும்." பாதி வியாதிக்கு எர்த்து ஒயர் லூஸாவதுதான் காரணம் என்பது அவர் சித்தாந்தம். வீட்டுக்கு வந்து வண்டி பார்க்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "நோயாளிதான் ஆஸ்பத்திரிக்கு வரணும்."

என் காருக்கு வயது இருபத்து மூன்று. ஆகவே என் விடுமுறைகளில் பாதி அவர் பட்டறை பெஞ்சில்தான் கழிகிறது. "அவரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று என் மனைவி சொல்வதில் தப்பில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். அதில் ஒரு சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஓய்வு பெற்று ஏழெட்டு வருஷம் இருக்கும். முப்பது வருஷமாக ஒரே கார், தானே ஓட்டுவார். ஊரின் இன்னொரு கோடியில் அவருடைய தங்கை படுத்த படுக்கையாக இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் போய்த் தலை வாரிவிட்டு, பேப்பர் படித்துக் காட்டிவிட்டு வருவது டீச்சர் வழக்கம். திடீரென்று கார் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. இரண்டு நாள் நிறுத்தினால் மூன்றாம் நாள் பேட்டரி செத்துக் கிடக்கும்.

ஒயர்காரர் வழக்கம்போல பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் டெஸ்ட் லைட்டைக் கோர்த்தார். தூங்குகிற வண்டியில் ஏதாவது ஒன்று திருட்டுத்தனமாகக் கரண்ட் குடித்தால் அந்த பல்ப் எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். எரியவில்லை. மூன்று நாள் பட்டறையிலேயே வைத்துப் பார்த்தார். நாலாம் நாள் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. மறுபடி வீட்டுக்குப் போனது, மறுபடி செத்தது. இப்படி மூன்று தடவை.

மூன்றாம் தடவை டீச்சரோடு மகனும் வந்திருந்தார். ஒயர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: "வண்டி சுத்தம் தம்பி. வீட்டுல லைட்ட அணைக்காமப் போயிடறாங்க."

"ரெண்டு தடவ பாத்துட்டுத்தானே பூட்டறேன்" என்றார் டீச்சர்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க." பிறகு மகன் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "வண்டியில எர்த்து நல்லா இருக்கு தம்பி. அம்மாவுக்குத்தான் லூஸாயிடுச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. டீச்சர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலமே மகன் சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். தங்கை வீட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றார். வேலை மும்முரத்தில் ஒரே ஒரு தடவைதான் முடிந்தது.

ஆறு வாரம் கழித்து மகன் தனியாகப் பட்டறைக்கு வந்தார். வண்டியை விற்பதற்காகப் புது பேட்டரி போட்டிருந்தாராம். "ஞாயித்துக்கெழம போட்டேன். சாவி என் பீரோலதான் இருக்கு. அம்மா கிட்டகூடப் போகல. இன்னிக்குக் காலைல பாத்தா செத்துக் கெடக்கு."

ஒயர்காரர் முணுமுணுப்பு நின்றது. "வண்டிய எங்க நிறுத்துவாங்க?"

"வீட்டுலதான். வாசல்லேருந்து உள்ள எறங்குற சரிவுல."

எத்தனையோ கேள்வி கேட்கிற மனுஷன், இதை மட்டும் இதுவரை கேட்டதில்லை. சார்ஜ் ஏற்றின ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காரில் ஏறிக்கொண்டார்.

கார் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. பேட்டரியை மாட்டி டெஸ்ட் லைட்டைக் கோர்த்தார். பளிச்சென்று எரிந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார், நாலாவதில் அணைந்தது. அது டிக்கி விளக்கின் ஃபியூஸ். அதைத் திரும்பச் செருகி, தன் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினார். எடுத்துப் பார்த்தோம். மூடிய டிக்கிக்குள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்குக்குத் தனி சுவிட்ச் கிடையாது. விரல் கணு அளவு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சொட்டு பாதரசம். மூடியைத் தூக்கினால் சொட்டு உருண்டு வந்து விளக்கை எரிய வைக்கும், இறக்கினால் திரும்ப உருண்டு அணைத்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் அடிபட்டு மூடியை மாற்றியபோது, பழைய ஓட்டை பொருந்தவில்லை என்று புது ஓட்டை போட்டு அதைச் சாய்வாக முடுக்கியிருந்தார்கள். ஓடி ஓடி அந்தச் சாய்வு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. சமதளத்தில் அது சமர்த்தாக இருந்தது. சரிவில் நிறுத்தினால், மூடி திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. பட்டறைத் தரையோ சிமெண்டு போட்ட சமதளம்.

"யாருண்ணே இப்படி முடுக்கினது?" என்றேன்.

அவர் அந்த ஸ்குரூவைக் கட்டை விரலால் தடவினார். "நான்தான்."

மகன் போன் பேசிக்கொண்டு தள்ளி நின்றார். ஒயர்காரர் குரலைத் தாழ்த்தினார். "பழைய வண்டி, இப்படித்தான் கோளாறு வரும்னு சொல்லிட்டா முடிஞ்சுது. இல்ல சார்?"

நியாயமாக நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்படி முடிந்தால் என் சிரிப்பும் அதோடு போய்விடுமே என்று எனக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. வெட்கக்கேடு. அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"எந்திரிக்காதீங்கம்மா. தப்பு என்னுது. நீங்க லைட்ட அணைச்சுட்டுத்தான் போயிருக்கீங்க. ஒவ்வொரு நாளும். டிக்கி லைட்ட நான்தான் கோணலா மாட்டிட்டேன். அது தெரியாம பத்துப் பேரு முன்னால உங்களப் பேசிட்டேன்." அவர் தன் வாயில் பட்டென்று அடித்துக்கொண்டார். "வாய் இருக்கே வாய், அத அறுக்கணும்."

"நானும் சிரிச்சேம்மா" என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது என் குரல்.

மகன் போனை அணைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றார். அவர் பார்வை தரையை விட்டு ஏறவில்லை. டீச்சர் யாரையும் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்து ஒயர்காரர் முன்னால் வைத்தார்.

"வண்டி மொத தடவ நின்னதுலேருந்து எழுதி வச்சேன். நீங்களே பாருங்க."

தேதி, நேரம், பக்கத்தில் ஒரு வாக்கியம். அச்சு மாதிரிக் கையெழுத்து. முதல் பக்கங்களில், 'விளக்கை அணைத்தேன். இரண்டு முறை பார்த்தேன்' என்று இருந்தது. போகப் போக இரண்டு முறை மூன்று முறையாயிற்று, ஐந்து முறையாயிற்று. பட்டறைக்கு மூன்றாம் தடவை வருவதற்கு முந்தின ஒன்பது வரிகளும் ஒரே மாதிரி இருந்தன: 'அணைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.'

"கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார் டீச்சர். "ராத்திரி எந்திரிச்சு அடுப்பையும் போய்த் தொட்டுப் பாப்பேன்."

ஒயர்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தார். விரலில் கிரீஸ் இருந்ததைப் பார்த்து, சட்டையில் அழுத்தித் துடைத்தார். பிறகு நோட்டின்மேல் குனிந்து, அந்த ஒன்பதில் முதல் வரியில் 'அணைத்தேன்' என்பதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த இரண்டு வார்த்தைகளையும் கோடு போட்டு அடித்தார். அடுத்த வரிக்குப் போனார். அதிலும் அடித்தார். ஒன்பது வரியும் முடிகிறவரை அவர் தலை நிமிரவில்லை.