பட்டப்பகலில் எரிந்த விளக்குகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. கோல சிலாங்கூர் போகும் வழியில், அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தின் பழைய ரப்பர் ஆலையில் நடந்தது இது. நான் பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டம்தான். அன்றைக்கு எனக்கு எமனாக வந்ததே அந்தப் பெருமைதான்.

இப்போது ரவாங்கில் குடியிருக்கிறேன். மின்சார வேலையைச் சின்ன அளவில் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். கூடவே வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி. நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான். என் மனைவிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த அந்த ஆலையைக் கோலாலம்பூரிலிருந்த ஒரு கம்பெனி வாங்கியது. இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்புவார்கள் என்றுதான் நினைத்தோம். அவர்களோ செங்கல் சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, கூரையில் சோலார் தகடு போட்டு, ரப்பர் பால் ஊற்றிய தொட்டிகளில் மழைத்தண்ணீரைப் பிடித்து, ஏர்கோன் அதிகம் இல்லாமலே காற்று ஓடும்படி தங்கள் தலைமை அலுவலகத்தை அமைக்கப் போவதாகச் சொன்னார்கள். பசுமைக் கட்டடமாம். ரப்பர் தாளுக்குப் புகை போடும் அறையில் என் அப்பா இருமிக்கொண்டே வேலை செய்த இடம் அது. அங்கே இனிமேல் சுத்தமான காற்று வீசுமென்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் வேலை கிடைத்ததில் சந்தோஷம். பழைய கேபிள்களையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிய இணைப்புக் கொடுப்பது எங்கள் பங்கு.

அங்கே எனக்குப் பிடிக்காத ஒரே ஆள் கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண். நம் தமிழ்ப் பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது. கட்டடத்திலிருந்து கழற்றும் பலகை, ஓடு, செம்புக் கம்பி எதுவும் குப்பைக்குப் போகக்கூடாது, எல்லாம் திரும்பப் பயன்பட வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. எதைத் தொட்டாலும் ஒரு மஞ்சள் சீட்டு கட்டச் சொல்வார். இது என்ன, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அதில் எழுத வேண்டும். கேபிள் என்றால் இரண்டு முனைகளையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். நானும் மச்சானும் அவருக்கு ‘சீட்டு மேடம்’ என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை கம்பெனி முதலாளி கட்டடத்தைப் பார்க்க வருகிறார், அதற்குள் பழைய கேபிள் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு தடித்த கேபிள்தான் பாக்கி. பழைய சுவிட்ச் போர்டிலிருந்து மேலே ஏறி, உத்தரத்தோடு ஓடி, பின்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது. ஆலைக்கு வந்த மின்சாரத்தைத் துண்டித்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் போர்டில் இருந்த முனையில், மின்சாரம் இருந்தால் எரியும் சோதனைப் பேனாவை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. செத்த கேபிள்தான் என்று முடிவு செய்து, ‘பம்ப் வீட்டுக்குப் போகிறது’ என்று சீட்டில் எழுதிக் கட்டினேன். அந்தக் காலத்தில் ஆலைக்குத் தண்ணீர் இறைத்த அந்தப் பம்ப் வீட்டுப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது.

சீட்டைப் படித்துவிட்டு மேடம் கேட்டார்: “அண்ணே, கேபிளோட அந்தப் பக்கத்து எண்டப் போய்ப் பாத்தீங்களா?”

“நான் பொறந்த தோட்டம் லா இது. எந்த வயரு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றேன். கொஞ்சம் நக்கலாகவே சொன்னேன். அவர் வெளியே போய்விட்டார்.

மச்சான் அலுமினிய ஏணியில் ஏறினான். முதலில் கேபிளைப் பிடித்திருந்த கிளிப்புகளை வெட்டிவிட்டு, பிறகு கேபிளைத் துண்டு போடச் சொன்னேன். இரும்பை அறுக்கும், பேட்டரியில் ஓடும் கிரைண்டர் அவன் கையில் இருந்தது. “நல்லா பாத்தாச்சு இல்ல மாமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். பார்த்தாகிவிட்டது என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நான் டீ வாங்கக் கிளம்பினேன்.

டீக்கடை மாரியம்மன் கோயிலைத் தாண்டி இருந்தது. ஆலையின் பின்பக்கத்திலிருந்து கோயிலுக்கு ஒரு மண் பாதை, பாதை நெடுக விளக்குக் கம்பங்கள். மறுநாள் திருவிழா என்பதால் கோயிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. தெரிந்த முகங்களுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய், பையில் கட்டிய டீயை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பாதி வழி வந்த பிறகுதான் கவனித்தேன். அடிக்கும் வெயிலில் கம்பத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திருவிழாவுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள் போல. பட்டப்பகலில் விளக்கைப் போட்டு யாருக்கு வழி காட்டுகிறார்கள் என்று மனசுக்குள் கிண்டல் செய்துகொண்டே நடந்தேன். அடுத்த கம்பம் எரிந்தது. அதற்கடுத்ததும் எரிந்தது. ஆலையின் பின்சுவரை ஒட்டி நிற்கும் கடைசிக் கம்பமும் எரிந்தது.

அந்தக் கடைசி விளக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கேபிள் பம்ப் வீட்டுக்குப் போகவில்லை. இந்தக் கம்பங்களுக்குத்தான் வருகிறது.

ஆலை ஓடிய காலத்தில் இந்த விளக்குகளுக்கு ஆலையிலிருந்துதான் மின்சாரம். ஆலையை மூடிய வருடம் பாதை இருண்டு கிடந்தது. சாமி ஊர்வலம் எப்படிப் போகும் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். அப்போதுதான் ஒரு வயர்மேன் கோயிலுக்கு வந்த புதிய மின்சாரத்தை அந்தப் பக்கத்திலிருந்து இதே கேபிளில் கொடுத்து விளக்கை எரிய வைத்தான். ஆலைப் பக்கத்து முனையைக் கழற்றிவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தான். அதற்குள் ரவாங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த வயர்மேன் நான்தான். அதற்காக அந்த வருடத் திருவிழாவில் எனக்கு மாலைகூடப் போட்டார்கள். இவ்வளவு காலத்தில் அதை ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

கோயிலில் சுவிட்சைத் தட்டினால் ஆலைக்குள் இருக்கும் முனை வரைக்கும் மின்சாரம் வரும். காலையில் நான் சோதித்தபோது சுவிட்ச் போடவில்லை, அதனால் பேனா எரியவில்லை. இப்போது சுவிட்ச் போட்டாகிவிட்டது. மச்சான் ஏணிமேல் இருக்கிறான்.

திரும்பிக் கோயிலைப் பார்த்து, விளக்கை அணைக்கச் சொல்லி, “சுவிட்ச அடைங்க! அடைங்க!” என்று கத்தினேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையை ஆட்டினார். மச்சானுக்கு ஃபோன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏணியில் ஏறுவதற்கு முன் ஃபோனைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டவனே நான்தான்.

டீயை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஆலையை நோக்கி ஓடினேன். ஓடும்போதே உள்ளேயிருந்து கிரைண்டர் சத்தம் கேட்டது. கிளிப்பை வெட்டுகிறானா, கேபிளை வெட்டுகிறானா என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். திடீரென்று சத்தம் நின்றது. என் மனைவியின் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று அந்த ஓட்டத்திலும் நினைத்தேன். வேண்டாத தெய்வம் இல்லை.

உள்ளே நுழைந்தேன். மச்சான் ஏணிமேல்தான் நின்றான். ஒரு கை கேபிளின்மேல், மறு கையில் கிரைண்டர், முகமெல்லாம் கோபம். ஏணிக்கு நேர்க்கீழே சீட்டு மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“மாமா, இத பாருங்க. வெட்ட விட மாட்றாங்க. வெட்டுனா என் தலைமேல போடுங்கன்னு நிக்கிறாங்க.”

“நான் பம்ப் வீட்டுக்கே போய்ட்டு வரேன் அண்ணே. அங்க இந்த சைஸ்ல கேபிளே இல்ல” என்றார் மேடம். அவருடைய கால்சட்டை முழங்கால் வரைக்கும் புல் விதை ஒட்டியிருந்தது.

“கைய எடு. மெதுவா எறங்கு” என்றேன். என் குரலைக் கேட்டதும் மச்சான் இறங்கினான். போர்டில் இருந்த முனையில் பேனாவை வைத்தேன். சிவப்பாக எரிந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கிளிப்புகளையெல்லாம் வெட்டி முடித்துவிட்டு, கேபிளில் கிரைண்டரை வைக்கப் போன நேரத்தில்தான் மேடம் வந்து குறுக்கே நின்றிருக்கிறார்.

“யார் அண்ணே இப்படி கனெக்சன் கொடுத்தது?” என்று மேடம் கேட்டார்.

“அந்தக் காலத்துல யாரோ செஞ்சிருக்கானுங்க” என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் வந்த பொய். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கோயிலுக்கு ஓடிப்போய்ச் சுவிட்சை அடைத்து, கோயில் பக்கத்து முனையை என் கையாலேயே கழற்றினேன். நாளைக்கு விளக்கு எரியுமா என்று கவலைப்பட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கம்பங்களுக்குத் தனியாகப் புதிய வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். பயம் தெளிந்ததும் மச்சானுக்குக் கோபம் பொங்கியது. இப்படி இணைப்புக் கொடுத்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தான். கேட்கக் கேட்கக் கூசியது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பவன் காலையில் செத்திருக்க வேண்டியவன். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

“மச்சான், அது நான்தான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். போய்ப் பார்க்காமல் சீட்டில் எழுதியதையும் சொன்னேன்.

அவன் முகத்தை வெளியே செம்பனை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டான். கடைசியில், “இனிமே நீங்க சொல்லி நான் எதையும் தொட மாட்டேன் மாமா. நானே பாத்துக்கிறேன்” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று குத்தியது.

அங்கிருந்தே மேடத்துக்கு ஃபோன் போட்டு உண்மையைச் சொன்னேன். அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “மண்டே வந்து நீங்களே மாத்தி எழுதிடுங்க அண்ணே” என்றார். முதலாளி வந்த அன்றே எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை எங்கள் வேலையை நிறுத்தி வைத்தார்கள். நியாயம்தான். பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். மேடத்துக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடினேன். அவரோ வேறு பக்கம் திரும்பி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் மச்சான் என்னோடுதான் வேலை செய்கிறான். ‘பார்த்தாச்சு, கரண்ட் இல்லை’ என்று நான் சொன்னாலும், என் கண் முன்னாலேயே தானும் ஒரு தடவை சோதித்த பிறகுதான் கை வைப்பான். முதல் சில மாதங்கள் அது எனக்கு வலித்தது. போன மாதம் ஓரிடத்தில் ஏதோ ஞாபகத்தில், சோதிக்காமலே கையை நீட்டப் போனான். நான் அலறிவிட்டேன். அவன் என்னை நம்பாமல் இருக்கும்வரைதான் எனக்கு நிம்மதி என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.