பதின்மூன்று பட்டை ஜீப்

ஜீப்பின் பின்பக்கத்து நீள சீட்டுகள் இரண்டையும் கழற்றி நான் தெருவில் வைத்த ஞாயிற்றுக்கிழமை, சிலமலையில் எங்கள் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. எதிர்வீட்டு அத்தை இடுப்பிலிருந்த குடத்தை இறக்காமலேயே நின்று பார்த்தார்.

"எதுக்கு ஆத்தா சீட்டக் கழட்டுறே? விக்கப் போறீகளா?"

"இல்லத்தே. உள்ள படுக்க எடம் வேணும்."

"வீடு இருக்கையில ஜீப்புல எதுக்குப் படுக்கணும்?"

"மலைக்குப் போயி, அங்கனயே சமைச்சுச் சாப்பிட்டு, தங்கிட்டு மறுநா வருவேன்."

"ஒங்கம்மா தெனமும் போயிட்டு வர்ற மலைதானே. அவளோட போயி காயெடுத்தா கூலியாச்சும் வரும்" என்று சொல்லிவிட்டு அத்தை குடத்தோடு உள்ளே போனார்.

அது அப்பாவின் ஜீப். போடியிலிருந்து மலையுச்சியில் இருக்கும் மெட்டு வரை ஏறி, இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் மாலையில் இறக்கி வந்த ஜீப். அப்பாவுக்கு முழங்கால் போய், கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆன பிறகு வீட்டுப் பக்கவாட்டில் படுதா போர்த்திக் கிடந்தது. அம்மா இப்போதும் தோட்டத்துக்குப் போகிறார், வேறொருவர் ஓட்டும் ஜீப்பில்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா லைசென்சுக்காகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். அம்மா ஓட்டுப் போட மட்டுமே பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறார். நான் சிவில் டிப்ளமோ முடித்து, போடியில் ஒரு கட்டட இன்ஜினியரின் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுகிறேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

ஊர் ஊராக, அறை எடுக்காமல், வண்டியிலேயே தங்கிப் போகிறவர்களை மெட்டில் பார்த்திருக்கிறேன். பெங்களூர் வண்டி, கொச்சி வண்டி. மேலே கூடாரம், பக்கத்தில் விரிகிற பந்தல், பின்கதவைத் திறந்தால் அடுப்பு. தேநீர்க் கடையில் எல்லோரும் அந்த வண்டிகளைச் சுற்றி வருவார்கள். அதே காரியத்தை சிலமலைப் பெண் நான் செய்கிறேன் என்றால் மட்டும் கேள்வி வந்தது. "டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடப் போறியா?" என்று கேட்காதவர் இல்லை. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஊரே ஆசீர்வதித்திருக்கும். நான் இல்லை என்றேன். எனக்குப் போக வேண்டும், எனக்குப் பார்க்க வேண்டும். அந்த மலையில் பொழுது சாய்வதை எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நாலு மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கிவிடும்.

அலுவலகக் கணினியில், வேலை முடிந்த பிறகு, ஜீப்பின் பின்பக்கத்தை வரைந்தேன். இடது பக்கம் இரண்டு இழுப்பறை: ஒன்று சமையலுக்கு, ஒன்று கருவிகளுக்கு. வலது பக்கம் இரண்டு தண்ணீர்க் கேன், விளக்குக்கும் போனுக்கும் தனியாக ஒரு பேட்டரி. மேலே பலகை, அதன் மேல் மெத்தை. பின்கதவில் மடித்து இறக்கும் அடுப்புத் தட்டு. கேரியரின் ஓரத்தில் சுருட்டிக் கட்டிய படுதா, விரித்தால் பந்தல். அளவுகளை ஆசாரியிடம் கொடுத்தபோது அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சமையக்கட்டுக்கு வாஸ்து பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நூல் கூடக் குறையாமல் செய்து கொடுத்தார்.

இனி நான் செய்த தவறு. அதை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஜீப்பின் பின்பாரத்தை அச்சின் மேல் தாங்குவது அடுக்கடுக்கான வளைந்த இரும்புப் பட்டைகள். கம்பெனியிலிருந்து வரும்போது ஒவ்வொரு பக்கமும் ஏழு இருந்திருக்கிறது. இங்கே ஜீப் வாங்கிய யாரும் அப்படியே ஓட்ட மாட்டார்கள். முதல் வேலையாகப் பட்டறைக்குப் போய்ப் பட்டை சேர்ப்பார்கள், ஆள் அதிகம் ஏற்ற. அப்பா நான்கு சேர்த்திருந்தார். எத்தனை பட்டை என்பதுதான் ஜீப் ஸ்டாண்டில் ஒரு ஜீப்பின் மரியாதை. அதைக் கேட்டே வளர்ந்த நானும் போடிப் பட்டறைக்குப் போய், "ரெண்டு பட்டை சேத்துப் போடுங்கண்ணே, சாமான் நெறைய இருக்கு" என்றேன்.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "பதிமூணா? யானைய ஏத்தப் போறியா பாப்பா?"

"ஏத்துனாலும் தாங்கணும்."

"தாங்கும் தாயி. ஒனக்குத்தான் இடுப்பு தாங்காது."

அவர் மாட்டும்போது நான் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் போனில் படம் எடுத்தேன். படித்த பழக்கம்.

அதற்குள் கங்காணி வந்துவிட்டார். தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிவிடுகிறவர், அப்பாவுக்கு மைத்துனர் முறை. ஏலக்காய் எடுப்பு தொடங்கப் போகிறது, ஜீப் பற்றவில்லை, இதைச் சீசனுக்குக் கொடு, டிரைவர் நான் போட்டுக்கொள்கிறேன் என்றார். சீசனுக்குப் போன ஜீப் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். ஒரு சீசன் அடுத்த சீசனாகும். என் இழுப்பறைகள் விறகாகும்.

அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "தோட்டத்துக் களம் வரைக்கும் போ. தங்கிட்டு வா. எவனும் கயிறு போட்டு இழுக்காம வீடு வந்து சேந்தா ஜீப்பு ஒனக்கு. இழுத்தாங்கன்னு சேதி வந்துச்சு, மாமனுக்கு."

"சரிப்பா."

"அவ மெட்டே ஏற மாட்டா மாப்ளே" என்றார் கங்காணி, நான் நிற்கும்போதே.

ஏறினேன். ஒரு சனிக்கிழமை காலை, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும். தார் ரோட்டிலேயே ஜீப் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னால் இழுப்பறைகள் தாளம் போட்டன. இதெல்லாம் பலம் என்று நினைத்துக்கொண்டேன். மெட்டில் தூறல். அம்மா வேலை செய்யும் தோட்டத்தின் மலையாளச் சூப்பர்வைசரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். ஏலக்காய் காயவைத்த பழைய களத்தில் நிறுத்தித் தங்கிக்கொள்ளலாம். "வந்நோளூ மோளே, குழப்பமில்லா" என்று, தாராளமாக வா என்ற அர்த்தத்தில் சொல்லியிருந்தார்.

ரோட்டிலிருந்து தோட்டத்துப் பாதைக்குள் திரும்பியதும் கதை மாறியது. கல்லும் ஈர மண்ணுமான ஏற்றம். பின்பக்கம் ஆடு மாதிரி குதித்தது. ஒரு குதியில் கேன் ஒன்று உடைந்து அரிசிப் பையெல்லாம் தண்ணீர். அடுத்த குதியில் பக்கவாட்டில் வழுக்கி, வலது பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மிதித்தால் பின்னால் அந்தச் சக்கரம் மட்டும் காற்றில் சுற்றியது. முன்சக்கரங்கள் சேற்றில் வழுக்கின.

இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹாரன். கூலி ஜீப். பாதையை நான் அடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் என் அம்மாவும் ஒருவர்.

டிரைவர் இறங்கி வந்து ஒரு பார்வை பார்த்தார். "கயிறு இருக்கு பாப்பா. ரெண்டு நிமிசம், இழுத்துடுவோம்."

"கயிறு வேண்டாம்ண்ணே."

"பின்ன?"

"கொஞ்சம் பொறுங்க."

பெண்கள் இறங்கிவிட்டார்கள். முக்காட்டுத் துணியும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய ஒரு அக்கா, "நீ டூரு வந்திருக்கே, பொறுத்துக்கிருவே. நாங்க லேட்டா போனா அரைநாள் கூலி போயிரும்" என்றார். "வெரசா கயிறக் கட்ட விடு."

அவர் சொன்னது நியாயம். அம்மா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அப்பா போட்ட நிபந்தனை அவருக்கும் தெரியும். நான் குனிந்து பட்டைகளைப் பார்த்தேன். பள்ளத்தில் சக்கரம் தொங்கியும் பட்டை அசையவே இல்லை. ஒரு விரல் கூட விரியவில்லை, வளையவில்லை. என் சாமான் அதற்குப் பாரமே இல்லை. பதின்மூன்று பட்டையும் வராத ஆட்களுக்காகக் காத்துக்கொண்டு விறைத்து நின்றன.

"எல்லாரும் என் ஜீப்புல ஏறுங்க" என்றேன்.

"பள்ளத்துல நிக்கிற ஜீப்புலயா? ஏன்டி, எங்களையும் சேத்து உருட்டவா?"

"ஏறி வலது பக்கமா உக்காருங்கக்கா. பின்னால பாரம் வேணும். அமுங்குனாத்தான் சக்கரம் தரையத் தொடும்."

யாரும் அசையவில்லை. பிறகு அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கதவில் கால் வைத்தார். "ஏறுங்கடி. எத்தன நாளு இந்த ஜீப்புல ஏறியிருக்கோம், இன்னைக்கு என்ன புதுசா" என்றார். ஒருவர் பின் ஒருவராக என் மெத்தையின் மேல், சேற்றுக் காலோடு, பதினோரு பேர். பலகை கிறீச்சிட்டது, உடையவில்லை. அளவு நான் போட்டது. பட்டைகள் முதல்முறையாக முனகி இறங்கின. சக்கரம் மண்ணைத் தொட்டது. மெல்ல மிதித்தேன். ஜீப் மேலே ஏறி வந்துவிட்டது.

"மெத்த நல்லாருக்கு" என்றார் கூலிக் கணக்குச் சொன்ன அக்கா இறங்கும்போது. "ஒரு நா எங்களையும் கூட்டிட்டுப் போ."

களத்தில் தங்கினேன். பந்தல் விரித்தேன், நனைந்த அரிசியையே கஞ்சியாக்கிக் குடித்தேன். பொழுது சாய்வதைப் பார்க்க உட்கார்ந்தேன். மஞ்சு மூடி, வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுப்பானதுதான் தெரிந்தது. அதையும் முழுதாகப் பார்த்தேன். அட்டை கடித்த காலில் உப்பு வைத்துக்கொண்டு, உலகத்திலேயே நல்ல இடத்தில் இருப்பதாக நினைத்தேன்.

மறுநாள் வீடு வந்தபோது கங்காணி எனக்கு முன்பே வந்திருந்தார். செய்தியும் வந்திருந்தது.

"மாட்டிக்கிச்சாமே" என்றார்.

"கயிறு போடல மாமா."

"கயிறு போடலதான். பதினோரு பொம்பளைக ஏறித்தானே வந்துச்சு? அதுக்குப் பேரு என்ன?"

"அப்பா கயிறுன்னுதான் சொன்னாரு."

"இவ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் மாப்ளே."

அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டார். அவருக்கு அவர் வார்த்தை முக்கியம், அதனால்தான் குழம்பினார். "கயிறு போடலதான்" என்றார். "ஆனா ஒத்தாசை இல்லாமலும் வரலையே." யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கங்காணியை அனுப்பினார். அவர் போகும்போது, புதன்கிழமை காலையில் டிரைவரோடு வருவேன் என்றார். அப்பா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அந்த மௌனம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

சேர்த்த பட்டைகளைக் கழற்றச் சொல்லித் திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். கழற்ற முடியாது என்றார் மெக்கானிக் அண்ணன். "பட்டையக் கழட்டுனா அப்பறம் ஆள் ஏத்த முடியாது பாப்பா. சீசனுக்குப் போற ஜீப்பு. ஒங்க அப்பா வந்து சொல்லட்டும்." அவர் மேல் கோபமில்லை. ஆனால் அவர் சொன்னதில்தான் எனக்கு வழி தெரிந்தது.

புதன்கிழமை லீவு போட்டேன். விடிந்ததும் ஜாக்கியை வைத்துத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் கட்டைகளை அடுக்கினேன். போனில் இருந்த படங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்த்துக்கொண்டே, அவர் மாட்டியதைத் தலைகீழாகச் செய்தேன். துருப்பிடித்த யு-போல்ட் ஒன்றுக்கு மட்டும் ஒரு மணி நேரம். ஆசாரியிடம் இரவல் வாங்கிய கிளாம்ப் இறுக்கியைப் பட்டைகளின் மேல் மாட்டிவிட்டுத்தான், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த நடு போல்ட்டைத் திறந்தேன். இல்லையென்றால் பட்டை தெறித்து மூஞ்சியைப் பெயர்த்திருக்கும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆறு. கையெல்லாம் கறுப்பு. சாக்கு விரித்துப் பன்னிரண்டையும் வாசலில் அடுக்கினேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். நிறுத்து என்று சொல்லவில்லை. ஸ்பேனர் எடுத்துத் தரவும் இல்லை.

கங்காணி டிரைவரோடு வந்து நின்றார். சாக்கைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார்.

"என்ன இது?"

"பட்டை மாமா. ஒங்களுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

"வெளையாடாத. மாட்டிக் குடு."

"எனக்குக் கழட்டத்தான் தெரியும். மாட்டத் தெரியாது."

டிரைவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கங்காணி அப்பாவிடம் போனார். "பாத்துக்கிட்டே இருந்திருக்கீரே மாப்ளே. சொல்லுமய்யா ஒரு வார்த்த."

அப்பா சாக்கைப் பார்த்தார். அவற்றில் தான் சேர்த்த பட்டைகளை எப்போது, எதற்குச் சேர்த்தார் என்று அவருக்கு ஞாபகம் இருந்திருக்கலாம். "வண்டிக்காரி அங்க நிக்கிறா" என்றார். "கேக்குறத அவகிட்டக் கேளும்."

கங்காணி என்னிடம் கேட்கவில்லை. தேவாரம் ஊரில் வேறு ஜீப் பிடிக்கப் போனார். அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அம்மா வேலை முடிந்து வந்து, வாசலில் கிடந்த பட்டைகளைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆறு கழற்றியது அதிகம். தண்ணீரும் பேட்டரியும் ஏற்றியதும் பின்பக்கம் பள்ளத்துக்குப் பள்ளம் அடி தட்டியது. ஏழு போதாது, எட்டு வேண்டும். மறுவாரம் பட்டறைக்குப் போகாமல், அதே வாசலில், பக்கத்துக்கு ஒரு பட்டையை நானே திரும்ப மாட்டினேன். மாட்டுவதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. மாமா இதுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.